அம்மன் எங்களை ரயிலேற விடவில்லை

என் வீட்டுக்காரரை யானை மிதித்துக் கொன்ற மறுநாள், அவர் குடித்திருந்தார் என்று பத்திரிகையில் வந்தது. அவர் வாழ்நாளில் குடித்ததே இல்லை.

பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய முதலமடையில் மலையடிவாரத்தில் எங்களுக்குச் சின்ன மாந்தோப்பு. புதிதாக வைத்த கன்றுகளுக்குத் தண்ணீர் கட்ட அவர் விடியற்காலையிலேயே போய்விடுவார். நாலு வருஷத்துக்கு முந்தின பங்குனியில் அப்படிப் போனவரைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். வாசலில் ஒரு நிருபர் மலையாளத்தில் ஏதோ கேட்டார். நான் இருந்த நிலையில், "விடிஞ்சா தண்ணிக்குத்தானுங்க போவாரு" என்றேன். நிருபர் அதை வேறு தண்ணி என்று எழுதிக்கொண்டார்.

போதையில் யானைக்கு முன்னால் போய் நின்றாராம். ஊரே படித்தது. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மாரியம்மன் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். வீட்டில் விளக்கும் ஏற்றவில்லை.

மகள் நித்யா அப்போது பிளஸ் டூ. சோறு போட்டு வைத்தால் அப்படியே இருக்கும். ஒருநாள் சொன்னாள்: "நான் பத்திரிகைக்குப் படிக்கறேன்மா. நம்ம பேச்சுத் தெரிஞ்ச ஒருத்தியாவது அங்க இருக்கோணும்."

ஃபோனில் தேடி, கொச்சியில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தைக் கண்டுபிடித்தாள். ஸ்டுடியோ, கேமரா, டிவியில் வேலை என்று விளம்பரம். ஃபீஸ் எங்கள் சக்திக்கு மீறியது. நர்சிங்குக்கு அனுப்பச் சொன்னார் என் அண்ணன். நித்யா பிடிவாதமாக இருந்தாள். தோப்பில் பாதியை விற்க ஆளும் பார்த்தாயிற்று. அது போய், படித்த பிறகு வேலையும் இல்லையென்றால் இரண்டு பெண்கள் எப்படிப் பிழைப்பது? கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் கெட்ட நினைப்பு வந்தது. உங்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

முன்பணம் கட்டக் கொச்சிக்குக் கிளம்பிய நாள். அவர் போன பிறகு முதல்முறையாகக் கோயிலுக்குள் போனேன். கைகூப்பத் தோன்றவில்லை. சண்டைக்குப் போனவள் மாதிரி நின்றேன். 'அவரைத்தான் காப்பாத்தல. இவ போற இடம் தப்பா இருந்தா வழியிலயே தடுத்துரு, ஆத்தா' என்று மனசுக்குள் கேட்டேன்.

பாலக்காடு ஸ்டேஷனில் ரயில் தாமதம். நாங்கள் அந்தக் கொச்சிப் பயிற்சி நிலையத்தின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. எங்கள் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரி. கொஞ்சம் தயங்கிவிட்டுப் பேசினாள்.

"நானும் அங்கதானுங்கம்மா படிச்சேன். அது பட்டமே இல்லீங்க, வெறும் சர்டிபிகேட். இப்பத் துணிக்கடையில பில்லு போடறேன்."

அவளுடைய அப்பா வயலை விற்று அனுப்பியிருக்கிறார். எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது, போன வருஷம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், இந்த இரண்டையும் கேட்காமல் எங்கேயும் சேர்க்காதீர்கள் என்றாள். அரசுக் கல்லூரியிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது, ஃபீஸ் குறைவு, எங்களைப் போன்ற வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகையும் உண்டு, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம் என்றாள். சொல்லும்போதே அழுதாள். ரயில் வந்தது. அவள் ஏறினாள். நாங்கள் ஏறவில்லை. அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவளை அனுப்பியது யார் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

கொச்சிக்குப் போகாமல் திரும்பியது நித்யாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நீ அப்பாவ மறந்துட்டே" என்றாள். அந்த வார்த்தை இன்னமும் வலிக்கிறது. அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம். முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. நான் வெள்ளிக்கிழமை விரதம் இருக்க ஆரம்பித்தேன். கடைசிப் பட்டியலில் பெயர் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

படிப்புக் காலம் லேசாகப் போகவில்லை. யானை மறுபடியும் தோப்புக்குள் வந்தது. ஒரு வருஷம் பூவெல்லாம் பனியில் கருகிவிட்டது. நித்யா முதல் பஸ்ஸில் போவாள், இருட்டித்தான் வருவாள். கடைசி வருஷம் ஒரு செய்தி அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போனாள். எல்லைப் பக்கத்து விவசாயிகள் தமிழில் ஃபோன் செய்தால் அங்கே எடுத்துப் பேச ஆளில்லை. இவள் பேசினாள், மலையாளத்தில் எழுதியும் கொடுத்தாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இப்போது அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. தோப்பு முழுதும் எங்களிடமே இருக்கிறது.

ஆனால் அவரைப் பற்றி வந்த செய்தி அப்படியேதான் கிடக்கிறது. அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு இருவரும் போய்க் கேட்டோம். பழைய செய்தி, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஃபோனில் அவர் பெயரைத் தட்டினால் இன்றைக்கும் அதுதான் வருகிறது. அதையும் அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

என் வேண்டுதல் எல்லாவற்றையும் அவள் கொடுத்துவிடவில்லை. கொடுத்த ஒன்றால் நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறேன். பிள்ளையின் படிப்புக்காக நிலத்தை விற்கத் துணிந்து நிற்கும் தாய்மாரே, பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை அம்மன் முன்னால் போய் நில்லுங்கள். கோபத்தோடுதான் போக முடியும் என்றால் கோபத்தோடே போங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.