கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நிமிடம்

இந்த நாட்டில் பிள்ளைகள் பந்தை ஆகாயத்துக்கு உதைத்தாலும் கைதட்டுகிறார்கள். பந்து எங்கோ போகும், கோல் கம்பம் எங்கோ இருக்கும். ஆனாலும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் "குட் ட்ரை, ஸ்வீட்டி!" என்று பாராட்டித் தள்ளுவார்கள். எதிரணி கோல் போட்டால் அதற்கும் கைதட்டல். நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்து எட்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஒரு நாள் என் மகள் நஸ்ரின், தடுக்க ஆளே இல்லாத கோலில் போட வேண்டிய பந்தை வெளியே அடித்துவிட்டு வந்தாள். பக்கத்து நாற்காலி சுகன்யா, "சூப்பரா ட்ரை பண்ணாப்பா உன் பொண்ணு" என்றாள். எனக்கோ, "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று கத்த வேண்டும்போல இருந்தது. மைதானத்தில் நின்று அப்படிக் கத்துவதற்கு, நான் பிறந்து வளர்ந்த மேலப்பாளையத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்காட்லாந்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் அது.

அங்கே கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். என் கணவருக்குக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றுத் தளத்தில் வேலை. போனால் இரண்டு மூன்று வாரம் ஆள் வர மாட்டார். மழை, காற்று, மாலை நான்கு மணிக்கே இருட்டு. வயிற்றுப் பிள்ளையோடு நான் தனியாக அந்த வீட்டில் கிடந்தேன். பக்கத்து வீட்டில் மோரக் இருந்தாள். அறுபது தாண்டிய, உரத்த குரல்காரி. சனிக்கிழமைகளில் உள்ளூர்க் கால்பந்து மைதானத்தில் பை விற்கும் கடை அவளுடையது. பை என்றால் கறி வைத்துச் சுட்ட, உள்ளங்கை அளவுப் பணியாரம். ஒருநாள் கதவைத் தட்டி, "உள்ளேயே கிடந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவாய், கிளம்பு" என்றாள். இழுத்துக்கொண்டு போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படித்தான் எனக்குக் கால்பந்து தெரியும். நானூறு பேர் வந்தால் பெரிய கூட்டம். லீகின் கடைசிப் பிரிவு. அங்கே யாரும் சொந்த அணியைப் பாராட்டி நான் கேட்டதில்லை. மோரக் பையைக் கையில் வைத்துக்கொண்டே கோல்கீப்பரின் பரம்பரையை இழுத்துத் திட்டுவாள். ஒவ்வொரு கெட்ட வார்த்தைக்கும் என் பக்கம் திரும்பி மன்னிப்பு கேட்பாள். சில வாரங்களில் மன்னிப்பு நின்றுவிட்டது. நான் அந்த ஊர்க்காரியாகிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் ஹலால் இல்லாத கறி சாப்பிட மாட்டேன் என்பதால், எனக்கென்று ஒரு மக்ரோனி பை அலுமினியத் தாளில் சுற்றி, வாரம் தவறாமல் தனியாக இருக்கும்.

நஸ்ரின் நாள் தள்ளி வராமல் முந்திக்கொண்டு வந்தாள். அன்று அடித்த காற்றில் ஹெலிகாப்டர் பறக்கவில்லை. அவர் கடலிலேயே மாட்டிக்கொண்டார். ஆட்டம் முடிந்த கையோடு கடையைப் பூட்டிவிட்டு, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மோரக்தான். பிறந்த பிள்ளையின் காதில் வாப்பா பாங்கு சொல்ல வேண்டும் இல்லையா? மோரக் என் போனைப் பிள்ளையின் காதோரம் பிடித்துக்கொண்டு நின்றாள். கடலிலிருந்து அவர் சொல்லி முடிக்கும்வரை அசையவில்லை. முடிந்ததும் குனிந்து, "இன்று நாம் இரண்டு கோலில் தோற்றுவிட்டோம், அதையும் தெரிந்துகொள்" என்று பிள்ளையிடம் சொன்னாள். தையல் வலியோடு நான் அப்படிச் சிரித்தேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிவாசல் இருக்கிறது, ஹலால் கடை இருக்கிறது, நோன்புக் கஞ்சிக்குக் கூடும் தமிழ்க் கூட்டம் இருக்கிறது. ஆனால் உரிமையோடு என்னைத் திட்ட ஒரு ஆள் இல்லை. "ஊர் ஞாபகம் வருதா ஆன்ட்டி?" என்று புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பார்கள். வருது என்பேன். வருவது எந்த ஊர் என்று சொன்னால் சிரிப்பார்கள். வாழ்ந்ததே நான்கு வருடம், அதற்குப் போய் இப்படியா என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்வதில்லை. சனிக்கிழமை இங்கே காலை பத்து மணியாகும்போது அங்கே ஆட்டம் தொடங்கும். கிளப்பின் இணைய வானொலியில் கேட்பேன். டக்கி என்றொரு மனிதர் வர்ணனை சொல்வார், வெளியூரிலிருந்து கேட்பவர்களின் பெயர்களையும் வாசிப்பார். "நியூ ஜெர்சியிலிருந்து நம்ம பையன் ஷமீம்!" என்பார். பையனாம்! திருத்தி எழுதியிருக்கலாம். வாரம் முழுக்க என் பெயரைச் சந்தோஷமாகச் சொல்லும் ஒரே குரல் அது, அதனால் விட்டுவிட்டேன். மோரக்கிடம் செல்போன் கிடையாது. பெருநாளைக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவேன். "இன்னும் உயிரோடுதான் இருக்கிறாயா?" என்பாள். அவ்வளவுதான் எங்கள் நலம் விசாரிப்பு.

போன சீசனின் கடைசி ஆட்டம். எங்கள் அணி பட்டியலில் அடியில் கிடந்தது. ஜெயித்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் லீகை விட்டே வெளியேற நேரலாம். நஸ்ரினுக்கும் அன்று காலை மேட்ச். மைதான ஓரத்தில் உட்கார்ந்து இயர்போனைக் காதில் மாட்டினேன். டக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், திடீரென்று சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று அணைத்தேன், போட்டேன், மறுபடி அணைத்தேன். திரும்ப வந்தபோது விசில் ஒலிக்க, கூட்டம் கைதட்டியது. "இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் அவளுக்குப் பிடித்திருக்காது" என்றார் டக்கி. ஆட்டம் ஆரம்பமாகிவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. சிக்னல் போகவில்லை. இறந்துபோன யாருக்கோ ஒரு நிமிட மௌனம் அது. "அவளுக்கு" என்றாரே, எவளுக்கு? யா அல்லாஹ், மோரக்காக இருக்கக் கூடாது என்று வாய்விட்டே சொன்னேன். யாருக்காக மௌனம் என்று வானொலிக்குச் செய்தி அனுப்பினேன். "நியூ ஜெர்சிப் பையனும் வந்தாச்சு!" என்றார் டக்கி. கேள்வியை வாசிக்கவில்லை. இடைவேளையில் மோரக் வீட்டுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உயிரோடு இருந்தால் இந்நேரம் கடையில் நிற்பாள், எடுக்க மாட்டாள். இல்லையென்றாலும் எடுக்க மாட்டாள். பாழாய்ப்போன மணியை வைத்து நான் எதைத் தெரிந்துகொள்வது?

இரண்டாம் பாதி பாதிக்கு மேல் போய்விட்டது. இங்கே ஒரு பிள்ளைக்கு ஷூ நாடா அவிழ்ந்து, எல்லோரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது டக்கி தொண்டை கிழிய "கோல்!" என்று அலறினார். நானும் துள்ளி எழுந்து "கோல்!" என்று கத்திவிட்டேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. "மோரக், இது உனக்கு! பை கடை மகராசி, இது உனக்கு!" என்று டக்கி அழுதார்.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னப்பா ஷமீம், என்ன ஆச்சு? ஏன் அழற?" என்று சுகன்யா தோளைப் பிடித்தாள். "ஸ்காட்லாந்துல... என் டீம்..." என்றேன். பயிற்சியாளர் ஓடி வந்தார். டீம் என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். குனிந்து, ரொம்பப் பரிவாக, "இட்ஸ் ஜஸ்ட் எ கேம், மாம்" என்றார். நல்ல மனிதர். அவரிடம் நான் என்னவென்று விளக்குவது?

எங்கள் அணி அந்த ஒரே கோலில் தப்பித்தது. டெக்சாஸில் வேலைக்குப் போயிருந்த கணவருக்குச் சொன்னேன். "அடடா, ரொம்ப நல்ல பொம்பளையாச்சே. சைட்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்றார். காரில் ஏறியதும், "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று சொல்லிக்கொண்டேன். நஸ்ரினுக்கு அது எதற்குச் சொல்வது என்று தெரியும்.

"ஹூ டைடு, உம்மா?"

"நம்ம ஊர்ல ஒரு ஆன்ட்டி."

"இன் இண்டியா?"

"இல்ல."

"ஹியர்?"

"இல்லம்மா. நீ பொறந்த ஊர்ல. உன்னைத் தூக்கினவங்க."

அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. எப்படி இருக்கும்? இங்கே வரும்போது இரண்டு வயது. வழியில் இருந்த ரயில் நிலையத்தின் கார் நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். கிளப்பின் இணைய வானொலியில் ஆட்டத்தின் ஒலிப்பதிவைப் போட்டிருந்தார்கள். ஆரம்பத்துக்குப் போனேன். மோரக்கின் பெயரை டக்கி நிதானமாக, முழுசாகச் சொன்னார். விசில் ஒலித்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு நஸ்ரின், "உம்மா, இட்ஸ் ப்ரோக்கன். சவுண்ட் வரல" என்றாள்.

"வருது. கேளு."

கேட்டாள். நானூறு பேர் பேசாமல் நிற்கும் மைதானத்தில் யாரோ இருமினார்கள். காற்று மைக்கில் உரசியது. மேலே கடற்காக்கைகள் விடாமல் கத்தின.

"பேர்ட்ஸ்!" என்றாள் நஸ்ரின். கார்க் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி வெஸ்ட் வின்ட்சர் வானத்தில் அவற்றைத் தேடினாள். எனக்குத் தெரியாதா, இங்கே இருக்காதென்று? ஆனாலும் நானும் குனிந்து முன்கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தேன்.