இஸ்திரி உருளை நின்ற நாள்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் பெரியக்காதான். விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் துவாலைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெளுத்து உலர்ந்து, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். இடையில் நடக்கும் அத்தனைக்கும் அவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில் ஈரத்துணி சுமக்க வந்தவள், கணவன் நோயில் கிடந்த காலத்திலும் நாள் தவறாமல் வந்து, மேற்பார்வையாளராகிவிட்டாள். மேனேஜர் எது சொன்னாலும் அவள் வாயிலிருந்து வருவது ஒன்றே ஒன்று: "ஆகட்டும் சார்."

புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் இந்தப் பேச்சே கிடையாது. வேலை நேரம் முடிந்ததா, ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். "கொஞ்சம் இருந்துட்டுப் போங்கடி" என்றால், "நாளைக்கு வந்து முடிச்சிடறோம்க்கா" என்று சிரிப்பார்கள். பெரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்களில் ஒருத்தி எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்பாள். பெரியக்காவே அவளுக்குக் 'கேள்வி' என்று பெயர் வைத்துவிட்டாள். பெற்றோர் உள்ளூரில் இருக்க, இவள் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

"வீட்ல சண்டையாடி?"

"சேச்சே, ஞாயித்துக்கிழமை ஆனா அங்கதான் இருப்பேன். நானா சமைச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்ல?"

"எப்படி இருக்கு?"

"வாய்ல வைக்க முடியலக்கா. ஆனா என் சமையல்."

பெரியக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லா வருவ போ" என்றாள்.

ஒரு பெரிய விடுதியில் மாநாடு நடந்த சமயம் அது. மூச்சுவிட நேரமில்லாமல் துணி வந்து குவிந்துகொண்டிருந்தது. அன்று பார்த்துப் பெரிய இஸ்திரி இயந்திரத்தில் கோளாறு. விரிப்பை இழுத்துத் தேய்க்கும் சூடான உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் உருளை தானாக நின்றுவிடும். அன்று கம்பியைத் தொட்டும் உருளை நிற்கவில்லை. மெக்கானிக் மறுநாள்தான் வருவார் என்றார் மேனேஜர். "இன்னிக்கு ஒரு நாள் பாத்து ஓட்டிடுங்க."

"ஆகட்டும் சார்" என்றாள் பெரியக்கா.

உருளை ஓடியது. கேள்வியும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்பைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அந்த இன்னொருத்தியின் சட்டைக் கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. அவள் கத்துவதற்குள் கேள்வி பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை நின்றது. துணி கிழிந்தது, கை தப்பியது.

கை தப்பியவளைத் தண்ணீர் குடிக்கவைத்துவிட்டு, பெரியக்கா பழைய பழக்கத்தில், "சரி சரி, பாத்துப் போடுங்க. நேரமாகுது" என்றாள்.

கேள்வி பொத்தானின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "இதைச் சரி பண்ணாம நான் ஓட்ட மாட்டேன்க்கா."

"யாரைக் கேட்டுடி முடிவு பண்ற?"

"யாரைக் கேக்கணும்? கை என்னோடதுதானே?"

மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். "பெரியக்கா, உங்க பேச்சை இவங்க கேக்க மாட்டாங்களா? மிஷினைப் போடச் சொல்லுங்க."

பெரியக்காவின் வலது சுண்டுவிரல் மடங்காது. இளவயதில் இதே மாதிரி ஓர் உருளை செய்த வேலை. கட்டுப் பிரிக்கும் முன்பே வேலைக்குத் திரும்பியதை அவள் இதுவரை வீரமாகத்தான் சொல்லி வந்திருக்கிறாள். இப்போது அந்தப் பெண்களின் கைகளைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"முடியாது சார்."

மேனேஜரின் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. "என்னது?"

"மெக்கானிக் வரட்டும் சார். அதுவரைக்கும் துவாலைங்களை மடிக்கிறோம். சும்மா உக்காரப் போறதில்ல."

மேனேஜர் அவளையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார். நாளைக்குத்தான் வருவேன் என்ற மெக்கானிக், மதியச் சாப்பாட்டுக்குள் பையோடு வந்து நின்றார்.

சாயங்காலம் வேலை நேரம் முடிந்தது. விரிப்புகள் மலையாய்க் கிடந்தன. யாரும் ஏப்ரனைக் கழற்றவில்லை.

"ஏண்டி, வீட்டுக்குப் போகலையா?"

"இன்னிக்கு இருக்கோம்க்கா," என்றாள் கேள்வி. "நீங்க இருக்கச் சொல்லியிருந்தா போயிருப்போம். சொல்லலைல, அதான்."

பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு விரிப்பை எடுத்தாள்.

மேனேஜர் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினார், பேசாமல் வேலை நடக்காதே. எந்த இயந்திரத்தையும் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், கேட்க வேண்டியதில்லை என்று சுவரில் அறிவிப்பு ஏறியது. யாருக்கு வேலை அதிகம், யார் எந்த நேரம் வருவது என்பதையெல்லாம் பெண்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்து சொன்னார்கள். சில நாள் சண்டை வந்தது, சில நாள் குளறுபடி ஆனது. ஆனாலும் பெரியக்கா எல்லோர் பின்னாலும் ஓடுவது நின்றது.

அடுத்த வருஷம் கேள்விக்கு வேறொரு பெரிய சலவை நிறுவனத்தில் மேற்பார்வை வேலை கிடைத்தது. மேனேஜர் சலித்துக்கொண்டார். "பாத்தீங்களா, கத்துக்கிட்டுக் கிளம்பிட்டா."

"கிளம்பாம? அவ இருக்க வேண்டிய இடம் அது சார்" என்றாள் பெரியக்கா.

கடைசி நாளில், வேலை நடுவிலேயே கேட் வரைக்கும் அவளுடன் நடந்தாள். அங்கே நின்றிருந்த காவலாளிக்கு இந்தப் பெண்ணை நன்றாகவே தெரியும். இருந்தாலும் பெரியக்கா அவரைக் கூப்பிட்டு, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்: "பெரிய இடத்துக்கு மேற்பார்வைக்குப் போறா. எங்க புள்ள."