அம்மனுக்கு நேர்ந்த குஞ்சு

வல்லம் வடகாலில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் சசிகலாவுக்கு வேலை. கணவன் புருஷோத்தமனுக்கு வேலை பர்மனென்ட் ஆனதும், ஆடியில் அறுப்பதற்கென்று ஒரு சேவல் குஞ்சை அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். அதுவோ, அவள் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்ததும் மடியேறித் தூங்கிப் பழகிவிட்டது.

ஒரு நாள் கீரி அதைக் கவ்வியது. சசிகலா போட்ட கூச்சலில் விட்டுவிட்டு ஓடியது. குஞ்சுக்குக் கால் ஒடிந்திருந்தது. மஞ்சள் பற்றுப் போட்டு, ஐஸ் குச்சி வைத்துக் கட்டினாள்.

"நேரா கட்டு. ஊனமானத அம்மனுக்குக் குடுக்கக் கூடாது," என்றான் புருஷோத்தமன்.

அவள் கை அப்படியே நின்றது. கால் கூடினால் கத்தி. கூடாவிட்டால் ஆயுசுக்கும் நொண்ட வேண்டும். அன்றிலிருந்து கட்டை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக இருந்தாள். கோயிலுக்குப் போனாலும் எதை வேண்டுவதென்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினாள். யாரைக் கேட்டு நேர்ந்தோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

இருபதாம் நாள் கட்டைப் பிரித்தாள். குஞ்சு வாசல்வரை ஒழுங்காக நடந்துபோய்த் திரும்பி வந்தது.

"பரவால்லியே, நல்லா நடக்குது," என்றான் அவன்.

"இன்னாய்யா நல்லா நடக்குது? கண்ணத் தொறந்து பாரு, நொண்டுது!" என்றாள் சசிகலா.