குங்குமம் இட்ட நாவல்

பாரிசில் நான் வாங்கிய முதல் நாவலைப் படிக்கக் கத்தி தேவைப்பட்டது. இங்கே சில புத்தகங்களைத் தாளின் மடிப்பை வெட்டாமலே தைத்து விற்கிறார்கள்; அறுத்தால்தான் உள்பக்கங்கள் திறக்கும். பழுதான பிரதி என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரப் பெண்மணி சிரித்தாள். முதல் வெட்டு வாசகனுக்கு உரியதாம். பரிசளிக்கும் புத்தகத்தை அறுக்காமல் கொடுப்பதுதான் மரியாதையாம். எந்த ஊர் என்று கேட்டாள். திருவண்ணாமலை என்றதும் இந்தியச் சாமியார்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினாள். எனக்கு நாவல் போதும் என்றேன். "உங்களுக்கு எதற்கு நாவல்? உங்களிடம்தான் அமைதி இருக்கிறதே" என்றாள். கீழ்பென்னாத்தூர்க் கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கியே விரல் வெடித்துப்போன என் அப்பாவிடம் எந்த அமைதியையும் நான் பார்த்ததில்லை.

நண்பர்களே, பிரெஞ்சு நாவல் என்றால் கட்டிலறைக் கதை என்று நம் ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஒதெத் வர்னியே என்ற அம்மையார் எழுதிய 'லா கத்ரியேம் எபோல்' நாவலைப் படியுங்கள். நான்காவது தோள் என்று பொருள். உருளைக்கிழங்கு விளையும் ஊர். பண்ணை முதலாளி இறந்தால் குத்தகைக்காரர்கள் நால்வர் சவப்பெட்டியைச் சுமக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நான்காமவன் தோள் கொடுக்க மறுக்கிறான். அவ்வளவுதான் கதை. நூலகத்தில் அதை ஒரே இருப்பில் படித்து முடித்தேன். அன்றே வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பிரதி வாங்கி, அறுக்காமலே ஊரில் உள்ள எங்கள் வாசகர் வட்டத்துக்கு அனுப்பினேன். மடிப்பை அறுத்துப் படிக்கவும் என்று கடிதமும் வைத்தேன். வட்டத்தில் பிரெஞ்சு தெரிந்தவர் வைத்தியலிங்கம் சார் ஒருவர்தான். அவர் சரி என்றால் என் மொழிபெயர்ப்பு எங்கள் சிற்றிதழில் தொடராக வரும்.

வரவில்லை. கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பன் ரஹீம் சொன்னான். அவன் கடை மாடியில்தான் வட்டம் கூடும்.

"கதையில தொடர்ச்சியே இல்லன்னுட்டாருப்பா. ஒரு பக்கத்துல மொதலாளி கஞ்சி குடிக்கிறானாம், அடுத்த பக்கத்துல பொணமாம். ஏதோ புது பாணியாம், நம்ம ஜனத்துக்கு ஒத்துவராதாம்."

புத்தகம் அலமாரியில் இருந்தது. அட்டையில் சந்தனம், குங்குமம், சரஸ்வதி பூஜையின் காய்ந்த பூ. மடிப்பில் ஒன்றுகூட அறுபடவில்லை. திறந்து கிடந்த பக்கங்களை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்! அன்று மாலை கூட்டத்தில் கேட்டேன்.

"ஏன் சார், அறுக்கவே இல்லியே?"

"வாங்க, பாரீஸ்காரரே! புஸ்தகத்துல கத்தி வெப்பாங்களா? சரஸ்வதிப்பா அது. உங்க வீட்ல புஸ்தகமே இருந்ததில்ல, உனக்கெங்க தெரியும்?"

 இரண்டு பேர் சிரித்தார்கள். 

"இருந்ததில்லதான் சார். அதான் கைக்கு வந்தத முழுசா படிக்கறோம்" என்றேன்.

ரஹீம் கீழே போய், சரக்கு மூட்டை பிரிக்கிற கத்தியை எடுத்துவந்து என் கையில் வைத்தான். எல்லோர் முன்னாலும் அறுத்தேன். கடைசி அத்தியாயத்தை அங்கேயே தமிழில் சொன்னேன். சார் பாதியிலேயே குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். முன்பு சிரித்த இருவரும் போகவில்லை.

"எடுத்தும்போயி எழுதி அனுப்பு, போடறோம்" என்றான் ரஹீம். "சாரு கோச்சிக்குவாரு. கோச்சிக்கட்டும். ரெண்டு கூட்டத்துக்கு வரமாட்டாரு, டீச்செலவு கம்மி."

நம் மீதுதான் எனக்குக் கோபம். புத்தகத்துக்குப் பொட்டு வைக்கிறோம், பூ வைக்கிறோம், விழுந்து கும்பிடுகிறோம். உள்ளே ஒருவன் பெட்டியைத் தூக்க மாட்டேன் என்று கத்துவது மட்டும் நமக்குக் கேட்பதில்லை.

இப்போது மெத்ரோ ரயிலில் போகும்போது மொழிபெயர்க்கிறேன். நேற்று பக்கத்து இருக்கை மூதாட்டி அட்டையில் இருந்த பொட்டைப் பார்த்துவிட்டு, "பிரார்த்தனைப் புத்தகமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லை மேதாம், நாவல். உங்கள் நாட்டு நாவல்தான்."

அவள் நம்பவில்லை. "எவ்வளவு பக்தி!" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனாள். நான் பக்கத்தைப் புரட்டினேன். மூன்று தோள்களில் பெட்டி சாய்ந்தபடி போகும் இடம். கத்தி பட்டுப் பிசிறிய அந்தத் தாளின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை குங்குமச் சிவப்பாக விழுந்திருந்தது.