மேனேஜரின் பங்கு

யாங்கோனில் ஒரு பேஸ்பால் மைதானத்தின் வேலியோரம் நிற்கிறேன். இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால், இதுவரை ஜெயித்தே இராத இந்தப் பெண்கள் அணிக்கு முதல் வெற்றி. ஆனால் பந்து வீசும் மா தீரிக்குக் கை நடுங்குகிறது. அணியின் மேனேஜர் கோ ராஜு, நகரின் பபேடான் பகுதியில் பூட்டுக்கடை வைத்திருக்கும் தமிழர், லுங்கியை இறுக்கிக்கொண்டு அவளிடம் நடக்கிறார். அருகில் போய்த் தன் கையை நீட்டுகிறார். அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அடுத்த மூன்று பந்துகளையும் மட்டை பிடித்த எதிரணிப் பெண்ணால் தொடவே முடியவில்லை; மூன்று தவறினால் அவுட். மைதானமே துள்ளுகிறது.

நான் ஓடிப்போய்க் கேட்கிறேன்: "என்னண்ணே சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லல தம்பி. என் கையக் காட்டுனேன். அவ கையவிட அதிகமா ஆடுச்சா, சிரிச்சுட்டா."

"அப்ப ஜெயிச்சது உங்களாலதான்!"

"வீசுனது அவ தம்பி. நான் பயந்தது மட்டுந்தான்."