பாசத்தில் வந்த மயக்கம்

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றுதான் சித்தப்பா மயங்கி விழுந்தார். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பது அவர் வேலை. காலையில் கூண்டுக்குள் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழமாட்டார். "ஊரையே அனுப்பிவைக்கிறேன், நான்தான் எங்கயும் போறதில்ல" என்பார். அன்று என்னை வழியனுப்ப வெளியே வந்தவர், பெட்டியைத் தூக்கிக் கொடுத்த கையோடு சரிந்தார். தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தார். மூச்சு வாங்கியது.

"பொண்ணு போறான்னு மயக்கமே வந்துடுச்சு மனுஷனுக்கு. எனக்காக ஒருநாளாவது விழுந்திருக்கீங்களா?" என்றாள் சித்தி.

எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். இடது கால் வீங்கியிருந்ததால் அந்தச் செருப்பின் வாரை மட்டும் அவிழ்த்துவிட்டிருந்தார்.

"என்ன சித்தப்பா இது?"

"உக்காந்தே கெடக்கற காலும்மா. வேற எப்படி இருக்கும்?"

பேருந்து புறப்பட்டது. அடுத்த வாரம் கூண்டுக்குள்ளேயே மறுபடி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. மாரடைப்பு என்று எனக்குச் சொன்னார்கள். உடனே திரும்பி வர என் கையில் காசு இல்லை.

நான் ஊர் ஊராகச் சுற்றித் திரும்பிய பிறகு, ஒருநாள் சித்தியிடமிருந்து செய்தி வந்தது: "சித்தப்பாவைக் கடைசியா பாத்த டாக்டரை இன்னைக்குப் பாத்தேன்டி. கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரல்ல போய் அடைச்சிருக்கு. மொத நாள் மயக்கமே அதாலதானாம். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்னாரு. அது பாசத்துல வந்த மயக்கம் இல்லயாம்."