அம்மா சொன்னதும் அக்கா சொன்னதும்

எங்கள் அம்மாவுக்குத் தன் பிள்ளைகளை யாராவது புகழ்ந்தால் பிடிக்காது. நாவூறு படும் என்று பயம். ஒருமுறை வகுப்பு ரீச்சர் என் கையெழுத்து அழகு என்று சொன்னதை வீட்டில் உளறிவிட்டேன். அன்று மாலையே செத்தல் மிளகாயையும் உப்பையும் என் தலையைச் சுற்றிச் சட்டியில் போட்டுக் கருக்கினார். கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் இருந்த தொடர்மாடி முழுவதும் இருமியது. மேல்மாடி ஜெர்மன்காரர் வந்து கதவைத் தட்டி, ஏதும் தீப்பற்றிவிட்டதா என்று கேட்டார்.

அதே ரீச்சர்தான், நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துச் சனிக்கிழமைகளில் தனியாகப் படிப்பிக்கப் போகிறார்களாம். என் பெயரையும் கொடுத்திருக்கிறாராம். ஓர் உளவியலாளர் என்னைச் சோதிப்பார், பிறகு பெற்றோரோடு பேசி முடிவெடுப்பார். அந்த வகுப்பில் நுண்நோக்கி இருக்கும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வயதில் வேறெதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அப்பாவுக்கு உணவகச் சமையலறையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. மொழிபெயர்க்க அக்கா வந்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது நான் ஐந்து வயதுக்காரி. மண் விளையாடியே ஜெர்மன் பழகிவிட்டேன். அக்கா ஒன்பது வயதில் வந்து இறங்கினாள். மொழி நாக்குக்கு வருவதற்குள் நாலாம் வகுப்பு முடிந்துவிட்டது. அதோடு இங்கே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். அவளை ஹவுப்ட்சூலவுக்கு அனுப்பினார்கள். படிப்பு ஏறாது என்று நினைக்கும் பிள்ளைகளைச் சீக்கிரம் ஒரு தொழில் பழகட்டும் என்று அனுப்புகிற பள்ளி அது.

சோதனை எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கினேன், கூட்டத்தில் சேராத படத்தைத் தொட்டுக் காட்டினேன். உளவியலாளர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பிறகு அம்மாவையும் அக்காவையும் உள்ளே கூப்பிட்டார்.

“வீட்டில் இவள் செய்து உங்களை வியக்க வைத்தது ஏதாவது உண்டா?” என்று கேட்டார்.

அக்கா அதைத் தமிழில் சொன்னதும் அம்மா பதறிப்போனார். முன்பின் தெரியாத ஒரு பெண், அதுவும் கையில் பேனாவோடு, பிள்ளையைப் புகழச் சொல்கிறாள்!

“அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு சொல்லு,” என்றார். “சரியான சோம்பேறி. சாப்பாடும் ஒழுங்கில்லை. ஒரு வேலை சொன்னால் ஆயிரம் கேள்வி கேப்பாள்.”

எனக்கு அழுகை முட்டியது. நுண்நோக்கி போய்விட்டது.

அக்கா உளவியலாளரைப் பார்த்துப் புன்னகைத்தாள். ஜெர்மனில் நிதானமாகச் சொன்னாள். “அரசாங்கக் கடிதம் வந்தால் இவள்தான் வாசிப்பாள் என்று அம்மா சொல்கிறார். கடைசிப் பத்தியைத்தான் முதலில் பார்ப்பாளாம். கெடு அங்கேதான் இருக்கும் என்று இவளே கண்டுபிடித்தாளாம்.”

நான் வாயைப் பிளந்தேன். கடிதம் வாசிப்பது அக்கா.

“குளிக்கச் சொன்னாலும் ஒரு மணித்தியாலம்,” என்றார் அம்மா.

“ஜெர்மன் வாசிக்கத் தெரியாத அன்ரிமாருக்கு ட்ராமில் போய்வர ஒரு படக் கொப்பி செய்திருக்கிறாள்,” என்றாள் அக்கா. “நிறுத்தங்களின் பெயர் இல்லை. அங்கே கண்ணில் படுகிற பாலம், கடை, கோபுரம் மட்டும் கீறியிருக்கும்.” அந்தக் கொப்பியையும் செய்தது அவள்தான். நிறம் தீட்டியது மட்டும் நான். “யாருடனாவது டொக்டரிடம் போவதென்றால், முதல்நாளே உடம்பு வருத்தத்தை விசாரித்து, வேண்டிய சொற்களை அகராதியில் பார்த்து எழுதி வைப்பாள்.”

அம்மா தன் பேச்சு ஒழுங்காகப் போய்ச் சேருகிறது என்ற திருப்தியில் தலையாட்டினார். உளவியலாளர் ஒரு பக்கம் எழுதி முடித்து என்னைப் பார்த்தார்.

“இதெல்லாம் நீயா செய்கிறாய்?”

மேசைக்குக் கீழே அக்காவின் சப்பாத்து என் சப்பாத்தின் மேல் ஏறியது. நான் “ஓம்” என்றேன். அது தமிழ் என்று உறைத்ததும், அவசரமாக “யா” என்றேன்.

புறப்படும்போது உளவியலாளர் அக்காவுக்குக் கை கொடுத்தார். நன்றாக மொழிபெயர்க்கிறாயே, எந்தப் பள்ளி என்று கேட்டார். அக்கா சொன்னாள். “ஓ, அப்படியா,” என்றவர் பேனாவை மூடிவைத்தார்.

ட்ராமில் அம்மா கேட்டார். “நான் சொன்னதை அப்பிடியே சொன்னனியோ?”

“ஓம் அம்மா, ஒண்டும் விடேல்லை.”

நான் அக்காவின் காதுக்குள், “நீ சொன்னது முழுக்கப் பொய்,” என்றேன்.

“பொய் இல்லையடி. ஆள்தான் மாறிப்போச்சு.”

இன்று நினைத்தாலும் அவளை எண்ணி மலைத்துப்போகிறேன். அம்மாவின் மனமும் நோகாமல், என் ஆசையும் போகாமல், ஒரு சொல் தடுமாறாமல் எப்படிச் சமாளித்தாள்! அன்றோ எனக்கு ஏளனமாக இருந்தது. புதிதாக ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாமல், தான் செய்ததையே எடுத்துவிட்டாளே என்று நினைத்தேன்.

என்னைத் தெரிந்தெடுத்தார்கள். சனிக்கிழமைகளில் அக்காதான் கூட்டிப் போவாள். வகுப்பு முடியும்வரை வெளியே மரவாங்கில் உட்கார்ந்து, யாரோ ஓர் அன்ரியின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருப்பாள். நான் உள்ளே நுண்நோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்து, இவ்வளவு நாளும் இது கண்ணில் படவில்லையே என்று வியந்துகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.